உலகம் முடங்கியபோதும் நிற்காத சோதனை

மாணவர்களே, 2020 ஏப்ரல் 8 ஞாபகம் இருக்கா? செம்பவாங் முதல் சிங்கப்பூர் முழுவதும் பாடங்கள் வீட்டுக்கு வந்த நாள். அதே நேரத்தில் வியன்னாவில் வேறொரு கவலை: அணு உலைகளைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் எப்படிப் பயணம் செய்வது?

அனைத்துலக அணுசக்தி அமைப்பில் சிங்கப்பூர் 1967 முதல் உறுப்பு நாடு. அணுப்பொருள் ஆயுதத்துக்குத் திருப்பப்படவில்லை என்பதைச் சரிபார்ப்பது அமைப்பின் முக்கியப் பணி. கூடங்குளம் உலைகளும் அந்தக் கண்காணிப்புக்கு உட்பட்டவை. கணக்கேடுகளைத் தூரத்திலிருந்தே படிக்கலாம். சில கேமராப் பதிவுகளும் வியன்னாவுக்கே வரும். ஆனால் கணக்கில் உள்ள பொருள் உள்ளே இருக்கிறதா என்பதை நேரில் போய்ப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். சோதனை நின்றுபோனால் அந்த உறுதியும் போய்விடும்.

விமானங்கள் நின்றபோது, அமைப்பு தன் வரலாற்றிலேயே முதல்முறையாகத் தனி விமானம் அமர்த்தியது. சில நாடுகளில் ஆய்வாளர்கள் இரண்டு வாரம் தனிமையில் இருந்த பிறகே வேலையைத் தொடங்கினார்கள். தள்ளிப்போடக்கூடிய பணிகள் மட்டும் தள்ளிப்போயின.

தேர்வில் மாற்றமும் தொடர்ச்சியும் பற்றிக் கேட்டால் இதை எழுதலாம்: பயண முறை மாறியது, நேரில் சரிபார்க்கும் கடமை மாறவில்லை. இன்னொன்றும் கவனிங்க. நாடு தருவது அறிக்கை. அதைச் சரிபார்த்த பிறகுதான் அது சான்று. வரலாற்று மூலங்களையும் அப்படித்தான் படிக்கணும்.