காயும் நேரம்

போன பங்குனியில், கபாலீஸ்வரர் கோயில் அறுபத்து மூவர் முடிந்த மறுநாள் சித்தப்பா போன் பண்ணினார். "வண்டிக்கு எஃப்.சி. வருதுடா. நாலு நாள் லீவு போட முடியுமா?"

வண்டி என்றால் எங்கள் வீட்டில் ஒரே வண்டிதான். பழைய டாடா 207 பிக்கப். மந்தைவெளியில் சித்தப்பா நடத்தும் வாடகைப் பாத்திரக் கடையின் அண்டா, குண்டான், மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் தி.நகர், அடையாறு மண்டபங்களுக்குச் சுமப்பது அதுதான். இருபது வருஷத்துக்கும் மேலாகக் கடல்காற்று குடித்த உடம்பு. கதவின் அடிப்பக்கத்தில் விரலை அழுத்தினால் துரு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஒரு பட்டறையில் டிங்கரிங், பெயின்டிங் இரண்டுக்கும் சேர்த்து 45,000 ரூபாய் கேட்டார்களாம், பத்து நாள் வேறு நிறுத்தணுமாம். சித்தப்பாவிடம் இருந்தது 9,000 ரூபாயும் நாலு நாளும். அடுத்த முகூர்த்தத்துக்கு அண்டா ஏற வேண்டும்.

எட்டு வருஷத்தைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். 15 வருஷத்தைத் தாண்டிவிட்டால், 2022 ஏப்ரலில் இருந்து அதற்கான கட்டணமும் எகிறிவிட்டது. தமிழ்நாட்டில் லாரிக்காரர்களுக்கு எஃப்.சி. என்றாலே பெயிண்ட்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல.

நான் கோடு எழுதிப் பிழைப்பவன். வண்டிக்குப் பெயிண்ட் அடித்ததில்லை. அதனால் வழக்கம்போல முதலில் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. வண்டி பெயிண்டின் வரலாற்றை நிறங்களின் வரலாறு என்று நினைத்திருந்தேன். அதைவிடக் காயும் நேரத்தின் வரலாறு என்பது பொருத்தம்.

மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி 1840இல் தொடங்கியபோது அது செய்தது சாரட்டு வண்டிகளும் குதிரைச் சேணங்களும். அந்தக் காலத்துச் சாரட்டு வண்ணம் ஆளிவிதை எண்ணெயும் வார்னிஷும் கலந்தது. தூரிகையால் ஒரு பூச்சு, காய விடுவது, நுரைக்கல்லால் தேய்ப்பது, மறுபடி பூச்சு. இப்படிப் பல அடுக்கு. தூசி படியாத அறையில் வாரக்கணக்கில் வண்டி நிற்கும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாவது போல உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்லப் பிணைந்து இறுகுகிறது. அவசரப்படுத்தினால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே ஈரம் இருக்கும். ராஜாக்களுக்கும் துரைகளுக்கும் காத்திருக்க நேரமிருந்தது. அந்தப் பளபளப்பின் விலையில் பாதி காத்திருப்பின் விலை.

மோட்டார் கார் வந்தபோதும் முதலில் இதே பூச்சுதான். ஆனால் ஹென்றி ஃபோர்டின் ஆலையில் நிமிஷக் கணக்கில் கார்கள் வெளிவரத் தொடங்கிய பிறகு, வாரக்கணக்கில் காயும் வண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்தனை கார்களையும் எங்கே நிறுத்துவது? 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. நிலக்கீல் கலந்த அந்தக் கறுப்பு மலிவு, உறுதி, அடுப்பில் வைத்துச் சுடலாம். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், அசெம்பிளி லைனின் 'பாட்டில்நெக்' பெயிண்ட் அறையில் இருந்தது.

அதை உடைத்தது, எதிர்பாராத இடத்திலிருந்து வந்த ஒரு பொருள். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் நனைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். வெடிபஞ்சு. நம் நீலகிரி அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கார்டைட் தயாரிக்கிறார்களே, அந்த வெடிமருந்தின் முக்கியச் சரக்கு இது. இதையே பதமாகக் கரைத்துத் தகடாக்கினால் சினிமா ஃபிலிம். அமெரிக்காவின் டூபாண்ட், வெடிமருந்து செய்து வளர்ந்த கம்பெனி. முதல் உலகப்போர் முடிந்ததும் இத்தனை நைட்ரோசெல்லுலோஸை என்ன செய்வது என்று தேடிக்கொண்டிருந்தது. 1920இல் அதன் ஃபிலிம் ஆராய்ச்சிக் கூடத்தில், சில நாள் கவனிக்காமல் விட்ட ஒரு பீப்பாய் நைட்ரோசெல்லுலோஸ் கரைசல் பாகு போல இளகிக் கிடந்தது. அதில் நிறமியைக் கலந்து பீய்ச்சினால் ஒரே பூச்சில் நல்ல கனம் வந்தது. கரைப்பான் ஆவியானால் போதும், காய்ந்துவிடும். ஆக்சிஜனுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1923இல் 'டூக்கோ' என்ற பெயரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் நீல நிறத்தில் வெளிவந்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நிறங்கள் திரும்பி வந்தன. இன்றும் நம் ஊர்ப் பழைய பெயின்டர்கள் எந்தக் கார் பெயிண்டையும் 'டுக்கோ' என்றுதான் சொல்கிறார்கள். 'என்.சி. பெயிண்ட்' என்பதில் இருக்கும் என்.சி. அதே நைட்ரோசெல்லுலோஸ்தான்.

இங்கே சென்னைக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வத'த்தை 1910களின் பிற்பகுதியில் எடுத்த ஆர். நடராஜ முதலியார், அதற்கு முன் மோட்டார் உதிரிபாக வியாபாரி. அவருடைய படம் நைட்ரேட் ஃபிலிமில் இருந்தது. ஒரு பிரதிகூட இன்று இல்லை. எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே சிதையும் சரக்கு அது. ஒரே ரசாயனம் பீரங்கிக்கும் சினிமாவுக்கும் காருக்கும் போனது. மூன்றிலும் அதன் சுபாவம் ஒன்றுதான்: எதையும் வேகமாக முடித்துவிடும்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். "சரிடா, நமக்கு எது?" என்றார்.

நியாயமான கேள்வி. பெரிய பட்டறைகளில் இன்று அடிப்பது டூ-கே எனப்படும் பாலியூரித்தேன். ஜெர்மனியில் 1937இல் ஓட்டோ பாயர் குழு கண்டுபிடித்த வேதியியலின் வாரிசு. அருமையாக மின்னும், வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. அந்தப் புகைத்தூவலை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை வந்தால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடக்கூடாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தெருவோரத்தில் அதை அடிக்கும் பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காயும் நேரத்தில் மிச்சம் பிடித்ததை யாரோ ஒருவரின் நுரையீரல் கட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் குழந்தைகள் இருக்கும் மந்தைவெளிச் சந்துக்கு அது ஆகாது.

என்.சி. சீக்கிரம் காயும். சென்னையில் அதுவே அதன் வில்லங்கம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. நம் ஊர் ஈரக்காற்று அதன் மேல் பனி போலப் படிந்து, பெயிண்ட் வெளுத்துப் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. எனாமலின் மேல் என்.சி. அடித்தால், அதன் தின்னர் கீழ்ப் பூச்சைக் கிளப்பிச் சுருக்கிவிடும். கீழே என்ன இருக்கிறது என்பதுதான் மேலே எது வரலாம் என்று தீர்மானிக்கும். தின்னரில் நனைத்த துணியால் கதவின் உள்பக்கம் ஒரு மூலையைத் தேய்த்தேன். நிறம் கரைந்து துணியில் வரவில்லை, தோல் சுருங்கியது. எனாமல். சித்தப்பாவுக்கு ஞாபகம் வந்தது, வருஷா வருஷம் எனாமல்தான் அடித்தாராம்.

ஆக, எனாமல். சாரட்டுக் காலத்து எண்ணெயின் பேரன் என்று சொல்லலாம். எண்ணெயை ரெசினோடு கட்டிப்போட்ட அல்கைட். மலிவு, தூரிகையாலும் அடிக்கலாம். மேலே தொட்டால் சில மணியில் காய்ந்தது போலத் தெரியும். நன்றாக இறுக ஒரு வாரம் கேட்கும். பணம் இல்லாதவர்கள் பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறார்கள். எங்களிடம் அதுவும் நாலு நாள்தான்.

நிறத்தில் பேச்சே இல்லை. நான் ஆலிவ் பச்சை கேட்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 121ஆம் விதி, ராணுவ வண்டியைத் தவிர வேறெதற்கும் அந்த நிறம் கூடாது என்கிறது. வேறு நிறமென்றாலும் ஆர்.சி. புத்தகத்தில் மாற்ற வேண்டும். ஆர்.சி.யில் இருப்பது வெள்ளை. வெள்ளைதான்.

முதல் இரண்டு நாள் முழுக்க உப்புத்தாள். 80, 120, 320. புதுப்பேட்டையில் வாங்கி வந்த பழைய தகட்டை வெட்டி, கதவின் ஓட்டையில் வைத்து ரிவெட் அடித்தார் தெரிந்த டிங்கர் ஒருவர். துருவின் மேலேயே பெயிண்ட் அடித்துவிடலாமே என்றேன். எங்கள் ஆபீசில் அதற்கு டெக்னிகல் டெப்ட் என்று பெயர், தினமும் செய்கிறோம். சித்தப்பா முறைத்தார்.

தேய்க்கும்போது ஒரு வேடிக்கை. வெள்ளைக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே இன்னொரு வெள்ளை. ஒன்று பால், ஒன்று சுண்ணாம்பு, ஒன்று லேசாக மஞ்சள் ஓடியது. ஒவ்வொரு எஃப்.சி.க்கும் ஒரு வெள்ளை. மரத்தின் வளையம் போல எண்ணிக்கொண்டே வந்தேன். இடது கதவில், நான்காவது வெள்ளையின் அடியில் நீலம் தெரிந்தது.

எழுத்து. தூரிகையால் எழுதியது, ஓரத்தில் சிவப்பு நிழல் கொடுத்தது. ஏழு இலக்கத் தொலைபேசி எண். அதன் மேலே கடையின் பெயர். கடைசி வார்த்தை 'பிரதர்ஸ்'.

அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்தபோது நான் ஏழாவது படித்தேன். கடை அவருக்கு, வீடு எங்களுக்கு. அதற்குப் பிறகு அப்பா இறக்கும்வரை இரண்டு பேரும் கல்யாண வீடுகளில் மட்டும் பார்த்துக்கொண்டார்கள், அதுவும் பந்தியில் எதிரெதிர் வரிசையில். கடை பெயர்ப் பலகை மாறியது எனக்குத் தெரியும். வண்டியிலும் எழுதியிருந்தார்கள் என்பது மறந்தே போயிருந்தது.

தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். சித்தப்பா டீ வாங்கிக்கொண்டு வந்தார். பார்த்தார். டீயை என் கையில் கொடுத்துவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.

"எழுத்து மேடு தெரியும்டா. சமமாத் தேய்க்கலைன்னா பெயிண்டுக்கு மேல அச்சு விழும்."

"தெரியும் சித்தப்பா."

நான் டீ குடித்து முடிக்கும்வரை தேய்த்தார். பிறகு பிரைமர் டப்பாவைத் திறக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் வாடகைக் கம்ப்ரசரோடு பெயின்டர் அண்ணன் வந்தார். எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டோம். காலை பத்து மணிக்கு மேல், மதியம் கடல்காற்று வருவதற்குள் இரண்டு கோட். முதல் கோட் மெல்லிசாக, கொஞ்ச நேரம் விட்டு இரண்டாவது. கனமாகப் போட்டால் வழியும், சுருங்கும். காய்வதற்குள் ஒரு வேப்பம்பூ பானெட்டில் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்காதே, அடையாளம் விழும் என்றார் அண்ணன். இன்னும் அங்கேயே இருக்கிறது. கூலியும் சேர்த்து மொத்தச் செலவு 8,600 ரூபாய்.

எஃப்.சி. கிடைத்தது. இன்ஸ்பெக்டர் பிரேக்கையும் விளக்கையும் பார்த்தார், புத்தகத்தில் நிறம் என்ற இடத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

போன வாரம் அடையாறில் ஒரு மண்டப வாசலில் வண்டி நின்றது. காலை ஏழு மணி, வெயில் சாய்வாக விழுந்தது. இடது கதவில் வெள்ளைக்கு மேல் வெள்ளையாக ஒரு மேடு. முன்னால் இருந்த எழுத்துகள் இல்லை, நம்பர் இல்லை. கடைசி வார்த்தை மட்டும் விரலால் தடவினால் படிக்கக் கிடைத்தது.

"இங்க சரியா தேய்க்கலையே சித்தப்பா," என்றேன்.

அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"உப்புத்தாள் தீந்துபோச்சுடா."

வண்டியின் டூல் பாக்ஸில் இன்னும் பிரிக்காத 120 நம்பர் தாள் ஆறு இருக்கிறது. நான்தான் வாங்கினேன்.