ஆங்கிலத் தாளின் அடுக்குகள்: ஒரு தேர்வுப் பாடத்தின் இந்திய வரலாறு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஆயத்தமாகும் இந்திய மாணவர் ஒருவரின் ஆங்கிலப் பயிற்சி ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் ஒரே வடிவில் அமைந்திருக்கிறது. பாடநூலில் இல்லாத ஒரு பத்தியைப் படித்து விடையளித்தல், சொல்லுக்குப் பொருளும் எதிர்ச்சொல்லும் எழுதுதல், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குதல், நேர்கூற்றை அயற்கூற்றாக்குதல், கடிதம் வரைதல் என அப்பட்டியல் நீளும். வினாத்தாளில் அடுத்தடுத்து நிற்கும் இப்பகுதிகள் இயல்பாகவே ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று தோன்றும். வரலாறு வேறு செய்தி சொல்கிறது. ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவையிலிருந்து வந்து சேர்ந்தது. பழையது விலகாமலேயே புதியது அதன்மேல் அமர்ந்தது.

இந்தியாவில் ஆங்கிலக் கல்வி என்றதும் 1835 பிப்ரவரி 2 தேதியிட்ட மெக்காலேயின் குறிப்பே நினைவுக்கு வருகிறது. அரசின் கல்விப் பணம் எந்த வகைக் கல்விக்குச் செலவாக வேண்டும் என்ற வாதத்தை அக்குறிப்பு முடித்துவைத்தது உண்மை. ஆயினும், ஆங்கிலத் தேர்வுக்கு வாழ்வா சாவா என்ற கனத்தை ஏற்றியது அதுவன்று. 1844 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் பிறப்பித்த தீர்மானமே அதைச் செய்தது. அரசுப் பணியிடங்களை நிரப்பும்போது ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும் என்று அத்தீர்மானம் கூறியது. அன்று முதல் ஆங்கிலம் கற்கும் மொழி என்பதோடு, சான்றிதழ் வழியாக மெய்ப்பிக்க வேண்டிய தகுதியாகவும் மாறியது. தகுதி என்று ஒன்று வந்துவிட்டால் அதை அளக்கும் கருவி வேண்டும். அக்கருவியே தேர்வு.

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின. லண்டன் பல்கலைக்கழகத்தின் அன்றைய அமைப்பே இவற்றுக்கு முன்மாதிரி. அதாவது, இவை பாடம் நடத்தும் நிறுவனங்களாக அமையவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனங்களாகவே அமைந்தன. இதன் விளைவு மிக ஆழமானது. கற்பிப்போர் ஓரிடத்திலும் வினா எழுப்புவோர் வேறிடத்திலும் இருந்தனர். வகுப்பறையில் என்ன நடக்க வேண்டும் என்பதை வினாத்தாளே தீர்மானிக்கத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் நுழைவாயிலாக வைக்கப்பட்ட மெட்ரிகுலேஷன் தேர்வு, உயர்நிலைப்பள்ளியின் இலக்காகவே ஆகிவிட்டது.

கல்கத்தாவின் நுழைவுத் தேர்வில் தொடக்க ஆண்டுகளில் வரலாறு, புவியியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தாய்மொழியில் விடையளிக்க இடமிருந்தது. 1860களின் தொடக்கத்தில் அவ்வாய்ப்பு நீக்கப்பட்டு, எல்லா விடைகளும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. இச்சிறிய விதிமாற்றத்தின் பொருள் பெரிது. அதன்பின் கணிதத் தாளும் ஒருவகையில் ஆங்கிலத் தாளே. மொழியில் தடுமாறுபவர் ஒரு பாடத்தில் மட்டும் தடுமாறுவதில்லை, அனைத்திலும் தடுமாறுவார்.

அக்காலத் தேர்வுகளின் கடுமைக்கு ஒரு சான்று போதும். 1858இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் பங்கிம் சந்திர சட்டோபாத்யாயவும் யதுநாத் போஸும் ஆகிய இருவர் மட்டுமே. அவர்களுக்கும் கருணை மதிப்பெண் தேவைப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. தன் முதல் புதினத்தை ஆங்கிலத்தில் எழுதிய பங்கிம் பின்னர் வங்காளிப் புதினத்தின் தந்தையானார். தாமோதரம் பிள்ளை ஏட்டுச்சுவடிகளிலிருந்து தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆங்கிலத் தேர்வின் முதல் விளைச்சல்கள் இருவரும் தத்தம் மொழிக்கே திரும்பினர் என்பது, அத்தேர்வு ஆங்கிலேய மனம் படைத்தவர்களை மட்டுமே உருவாக்கியது என்ற எளிய முடிவுக்கு எதிரான சான்று.

இனி, வினாத்தாளின் அடுக்குகளுக்கு வரலாம். அடித்தள அடுக்கு இலக்கணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கண நூல் இங்கும் புழங்கியது. 1850இல் பியாரி சரண் சர்க்கார் வங்கச் சிறுவர்களுக்கென முதல் ஆங்கில வாசிப்பு நூலை வெளியிட்டார். ஆயினும் தேர்வு இலக்கணத்தை முழுமையாக வடிவமைத்தவர் ஜே. சி. நெஸ்ஃபீல்டு. வடமேற்கு மாகாணங்களிலும் அவத்திலும் கல்வித்துறை இயக்குநராகப் பணியாற்றிய இவர், 1890களில் மாக்மில்லன் வழியே தம் இலக்கண நூல் வரிசையை வெளியிட்டார். ஒவ்வொரு சொல்லின் இலக்கண வகையையும் கூறுதல், வாக்கியத்தை உறுப்புகளாகப் பகுத்தல், உதிரி வாக்கியங்களை ஒன்றாக இணைத்தல், ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல் ஆகியவை இவ்வரிசையின் உயிர்நாடி. 1930களில் வந்த ரென் அண்டு மார்ட்டின் நூல் இம்மரபின் வாரிசு. ஆசிரியர்களில் ஒருவரான பி. சி. ரென், பம்பாய் மாகாணக் கல்விப்பணியில் இருந்தவர். உலகம் அவரை 'பூ ஜெஸ்ட்' என்ற சாகசப் புதினத்தின் ஆசிரியராகவே அறியும். அப்புதினத்தை இன்று படிப்போர் சிலரே. இலக்கண நூலோ திருத்திய பதிப்புகளாக இன்றும் விற்பனையாகிறது.

இவ்விலக்கணப் பயிற்சி ஏன் இத்தனை காலம் நிலைத்தது? அது தேர்வுக்கு மிகவும் வசதியானது. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைப் பல ஊர்களில் பலர் திருத்தும்போது, சரி அல்லது தவறு என்று உறுதியாகச் சொல்லக்கூடிய வினாக்களே நியாயமானவையாகத் தோன்றும். செயப்பாட்டுவினை வாக்கியத்துக்கு ஒரே விடைதான். ஒரு நல்ல பத்திக்கு அப்படி ஒரே விடை இல்லை. இலக்கண வினா திருத்துபவரின் விருப்பு வெறுப்பிலிருந்து மாணவரைக் காத்தது. அதே வேளையில், மொழியைப் பயன்படுத்தத் தெரியாதவரும் மொழியைப் பற்றிய விதிகளை ஒப்பித்துத் தேறிவிட வழியும் செய்தது. மெட்ரிகுலேஷன் தேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர்களால் ஆங்கில விரிவுரைகளைப் புரிந்துகொள்ள இயலவில்லை என்று 1902ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழக ஆணையம் வருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தேர்வை எதிர்கொண்ட சிலரின் பதிவுகள் அதன் பாரத்தை உணர்த்துகின்றன. பள்ளி ஆய்வாளர் ஜைல்ஸ் ஐந்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லி எழுதவைத்ததையும், 'கெட்டில்' என்ற சொல்லைத் தாம் பிழையாக எழுதியதையும், பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுமாறு ஆசிரியர் காலால் சாடை காட்டியும் தமக்கு அது புரியாமற்போனதையும் காந்தி தன்வரலாற்றில் விவரிக்கிறார். அந்நிகழ்வு பெரும்பாலும் அவரது நேர்மைக்குச் சான்றாகவே நினைவுகூரப்படுகிறது. கல்வி வரலாற்று நோக்கில் அதில் தெரிவது வேறொன்று: ஆய்வாளர் முன் மாணவன் செய்யும் எழுத்துப்பிழை ஆசிரியரின் பிழையாகவும் பள்ளியின் பிழையாகவும் கருதப்பட்டது. 1887இல் பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷனில் காந்தி பெற்றவை 625க்கு 247.5. இதில் ஆங்கிலத்துக்கு 200க்கு 89, குஜராத்திக்கு 100க்கு 45.5. இரண்டிலும் அவரது தேர்ச்சி விழுக்காடு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அயல்மொழியின் எடை தாய்மொழியின் எடையைப்போல் இருமடங்கு.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறிய அம்பேத்கருக்கு இத்தேர்வு வேறு பொருள் தந்தது. ஹவார்டின் ஆங்கில வாசிப்பு நூல்களையும் தர்க்கட்கர் மொழிபெயர்ப்புப் பாடங்களையும் தந்தை ராம்ஜி வீட்டில் அவருக்குப் பயிற்றுவித்தார். பள்ளியில் சமஸ்கிருதம் பயில அவருக்கு இடமளிக்கப்படவில்லை, பாரசீகமே கிடைத்தது. ஆங்கிலத்தில் அத்தகைய தடை இல்லை. 1854இல் வெளிவந்த தம் கவிதைத் தொகுப்பில் சாவித்திரிபாய் புலே ஆங்கிலத்தைத் தாயாகக் கண்டதன் பின்னணியும் இதுவே. கல்வி மறுக்கப்பட்டவர்களுக்கு, விதிகளை மனப்பாடம் செய்து தேறக்கூடிய தேர்வு ஒரு வாயிலாகத் தெரிந்தது. பிறப்பைக் கேட்காத வினாத்தாள் என்பது அன்று சிறிய செய்தியன்று.

ஆனால் அவ்வாயில் எல்லாருக்கும் திறக்கவில்லை. கணிதத்தில் ஈடிணையற்ற சீனிவாச ராமானுஜன், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வை அவர் கடக்கவே இல்லை. ஒரு பாடத்தின் தோல்வி முழுத் தோல்வியாக எண்ணப்படும் முறையின் விளைவு இது. ராமானுஜனின் பெயர் நமக்குத் தெரியும். அதே தாளில் நின்றுபோன பிறரின் பெயர்கள் எந்த ஆவணத்திலும் தேடிக் காணக்கூடியவை அல்ல.

இரண்டாம் அடுக்கு வாசிப்பும் சொல்வளமும். இதற்குரியவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட். வங்கத்தின் இருமொழிக் கல்வி பற்றி 1926இல் வெளிவந்த நூலில் அவர் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு கருத்தை எடுத்தாண்டார். அது சரண் மதிப்பு. காப்பீட்டை இடையில் கைவிடுபவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையைப்போல, பள்ளியை இடையில் விட்டுச் செல்லும் மாணவர் கையில் எஞ்சுவது என்ன என்று அவர் கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் இறுதித் தேர்வு வரை வருவதே இல்லை. அரைகுறை இலக்கணத்துக்குப் பயன் இல்லை. ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் அந்த அளவுக்கேனும் பயன் உண்டு. ஆகவே பேச்சுக்கும் எழுத்துக்கும் முன் வாசிப்பே கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவர் முடிவு. அதிகம் வழங்கும் சொற்களைத் தேர்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் புதுச்சொற்கள் அளவோடு வருமாறு அவர் வாசிப்பு நூல்களை அமைத்தார். இன்றைய வினாத்தாளின் வாசிப்புப் பகுதிக்குப் பின்னே இக்கருத்தும் உண்டு. எனினும் தேர்வுக்குள் நுழைந்ததும் வாசிப்பும் பயிற்சித்தாளாகச் சுருங்கியது. வினாவை முதலில் படித்து, அதே சொல் பத்தியில் எங்குள்ளது என்று தேடி, அவ்வரியை அப்படியே பெயர்த்தெழுதும் உத்தி வழிகாட்டி நூல்களின் முதல் பாடமாயிற்று.

மூன்றாம் அடுக்கு விடுதலைக்குப் பின் வந்தது. 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு அமைப்புமுறைப் பயிற்சி அளிக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்றவர் பிறரைப் பயிற்றுவிக்கும் அம்முறையால் அது 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் பெற்றது. அமைப்புமுறையிலும் நிறைவு காணாத என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் வேறொரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடமே இன்றி, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றில் எழும் சிக்கல்களை ஆங்கிலத்தில் தீர்க்கவைத்து மொழியைக் கற்பித்தார். அதை மதிப்பிட்ட ஆய்வாளர்கள் கண்டது கவனத்துக்குரியது. செயல்வழித் தேர்வில் சோதனை வகுப்பு மாணவர்கள் மேம்பட்டு நின்றனர். அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்பு மாணவர்கள் மேம்பட்டு நின்றனர். எதற்குப் பயிற்சியோ அதில் தேர்ச்சி. அப்படியாயின், எந்தத் தேர்வை வைப்பது என்பதே எந்த மொழியறிவை மதிப்பது என்ற முடிவாகிவிடுகிறது.

அரசியல் அம்முடிவில் தலையிட்டதும் உண்டு. 1967இல் பீகாரின் கல்வி அமைச்சராயிருந்த கர்ப்பூரி தாக்கூர், மெட்ரிகுலேஷன் தேர்ச்சிக்கு ஆங்கிலம் கட்டாயம் என்ற விதியை நீக்கினார். ஆங்கிலம் ஒன்றினாலேயே நின்றுபோன சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் உயர்கல்வி எட்டியது. அவ்வாறு தேறியவர்களைக் 'கர்ப்பூரி டிவிஷன்' என்று ஏளனம் செய்யும் வழக்கமும் உடன் பிறந்தது. தடை அகன்ற பின்னும் அவமதிப்பு அகலவில்லை. 1980களில் மேற்கு வங்க அரசு தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியபோது எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அது மீண்டும் கொண்டுவரப்பட்டது. வசதி படைத்தோர் தனியார் பள்ளிகளில் ஆங்கிலம் பெற, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அது மறுக்கப்படுகிறது என்பது எதிர்த்தோரின் வாதம். ஒரு மாநிலத்தில் சமநீதியின் பெயரால் ஆங்கிலத் தேர்வின் கட்டாயம் விலகியது. மற்றொன்றில் சமநீதியின் பெயராலேயே ஆங்கிலப் பாடம் திரும்பி வந்தது.

இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஆங்கிலம் கற்கும் வாய்ப்பும் ஆங்கிலத்தில் தேறியாக வேண்டும் என்ற கட்டாயமும் இருவேறு பொருள்கள் என்பதையே அவை சேர்ந்து உணர்த்துகின்றன. 1844 முதல் இந்தியக் கல்வி இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டியே வைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டிய விவாதங்களில், ஆங்கிலம், கணிதம் ஆகிய தேர்வுகளை இரு நிலைகளில் நடத்தலாம் என்ற யோசனை எழுந்தது அக்கட்டைத் தளர்த்தும் முயற்சியே.

சட்டகங்கள் மாறிய ஒவ்வொரு முறையும் வினாத்தாளில் ஒரு பகுதி கூடியது; பழைய பகுதி எதுவும் முற்றாக அகலவில்லை. நெஸ்ஃபீல்டின் வாக்கிய மாற்றமும் வெஸ்டின் வாசிப்பும் அவற்றுக்குப் பின் வந்த கருத்துப்பரிமாற்ற நோக்கும் ஒரே மூன்று மணி நேரத்துக்குள் அடங்கி நிற்கின்றன. இவற்றைச் சுமப்பவர் பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலம் கேட்டிராத பதினைந்து வயது மாணவர். நூறாண்டுக்கு முன் டாக்காவில் எழுந்த வினா அவரைப் பொறுத்தவரை இன்றும் விடையின்றியே இருக்கிறது: தேர்வில் தேறினாலும் தேறாவிட்டாலும், அவர் கையில் எஞ்சும் ஆங்கிலம் எவ்வளவு? ஆங்கிலக் கல்வியின் தரத்தைத் தேர்ச்சி விழுக்காட்டால் அளக்கும் வரை அவ்வினாவை எவரும் கேட்கப்போவதில்லை.