மொசாதெக்: ஹேக் நகரத் தீர்ப்பும் அதன் பின்னும்

ஈரானியப் பாராளுமன்றம் 1951 மார்ச்சில் எண்ணெய்த் தொழிலைத் தேசவுடைமையாக்கியது; ஏப்ரல் இறுதியில் முகம்மது மொசாதெக் பிரதம மந்திரியானார். அபாடான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை இழந்த ஆங்கிலோ–ஈரானியன் எண்ணெய்க் கம்பெனியோ, ஈரானுக்கு அளித்த பங்கினும் மிகுதியான தொகையைப் பல ஆண்டுகள் பிரிட்டிஷ் அரசாங்கத்திற்கு வரியாகச் செலுத்தி வந்தது. அதன் பெரும்பான்மைப் பங்குகளும் அவ்வரசாங்கத்தின் வசமே இருந்தன. ஆதலின் பிரிட்டிஷ் அரசாங்கமே வாதியாக முன்வந்து ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தை அணுகிற்று.

சுவிட்சர்லாந்தின் நுஷாத்தெல் சர்வகலாசாலையில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவரும், எழுபது வயதை எட்டிப் பிணியால் நலிந்தவருமான மொசாதெக், 1952 ஜூனில் தாமே ஹேக் நகருக்குச் சென்றார். 1933இன் எண்ணெய் ஒப்பந்தம் ஓர் அரசாங்கமும் ஒரு கம்பெனியும் செய்துகொண்டதேயன்றி இரு தேசங்களிடையே ஏற்பட்ட உடன்படிக்கை அன்று என்பதே ஈரானின் வாதத்திற்கு உயிர்நாடி. ஜூலை 22 அன்று, இவ்வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என நீதிமன்றம் ஒன்பதுக்கு ஐந்து என்ற வாக்குகளால் தீர்ப்பளித்தது. அவ்வொன்பதின்மருள் பிரிட்டிஷ் நீதிபதி மக்னேரும் ஒருவர். தம் தேசத்தின் நலனுக்கு எதிராகவும் சட்டத்தின் வழி நின்ற அப்பெருமகனை வணங்காமல் இருக்க இயலவில்லை.

அத்தீர்ப்புக்கு முந்தைய வாரத்தில்தான், யுத்த மந்திரி பதவியை ஈரானின் மன்னரான ஷா தர மறுத்தமையால் மொசாதெக் ராஜினாமா செய்ய, 21ஆம் தேதி டெஹ்ரான் வீதிகளில் துப்பாக்கிக் குண்டுகளுக்கு அஞ்சாது திரண்ட ஜனங்கள் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியிருந்தனர்.

சட்ட நிபுணரான மொசாதெக் மறு ஆண்டு ஆகஸ்டில், ஆம் என்போர்க்கும் இல்லை என்போர்க்கும் தனித்தனி வாக்குச்சாவடிகள் அமைத்து, இரகசியமற்ற வாக்கெடுப்பினால் பாராளுமன்றத்தைக் கலைத்தது பெரும் பிழை என்றே கருதுகிறேன். சபை இல்லாதபோது பிரதமரை நீக்கும் உரிமை தமக்குண்டு என்று ஷா கூறுவதற்கு அதுவே இடமளித்தது. ஆயினும் ஆகஸ்டு 19 அன்று அவரை வீழ்த்தியது அப்பிழையன்று. அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு ஸ்தாபனங்களின் சதியும் அதற்குத் துணைநின்ற ராணுவமுமே ஆகும்.

ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, தாமே சட்டப்படியான பிரதம மந்திரி என்றும், தம்மை விசாரிக்க அம்மன்றத்திற்கு அதிகாரமில்லை என்றும் அவர் வாதாடினார். ஹேக் நகரில் வென்ற அதே வாதம் டெஹ்ரானில் செவியேறவில்லை. மூன்றாண்டுத் தனிமைச் சிறை விதிக்கப்பட்டது. தண்டனை முடிந்தபின் ஈரானின் அகமதாபாத் கிராமத்து வீட்டில், 1967 மார்ச்சில் மரிக்கும்வரை, காவலில் வைக்கப்பட்டார்.