ஒரு வாட் எவ்வளவு பெரியது?

நீங்கள் ஒருவரோடு சாதாரணமாகப் பேசும்போது உங்கள் வாயிலிருந்து வெளிப்படும் ஒலியின் திறன் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஏறக்குறைய 10 மைக்ரோவாட். அதாவது, ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு! அப்படியானால் ஓர் ஐ.சி.யையும் நாலைந்து மின்தேக்கிகளையும் கொண்டு நீங்கள் வீட்டில் கட்டிய 1 வாட் பெருக்கி ஏன் ஈனக் குரலில் முனகுகிறது? பலர் உடனே பெருக்கியைப் பழித்துவிட்டு 20 வாட், 40 வாட் என்று தேடிப் போகிறார்கள். பெரும்பாலும் குறை இருப்பது கம்பியின் மறுமுனையில், ஒலிபெருக்கியில்.

வீட்டில் வைக்கும் நல்ல ஒலிபெருக்கியின் பயனுறுதிறன்கூட 1 சதவீதம் அளவுதான். மீதி 99 சதவீதமும் சுருளில் வெப்பமாகப் போகிறது. காரணம், காற்று மிக லேசான பொருள். வெறுங்கையை வீசிப் பாருங்கள். காற்று விரல்களைச் சுற்றி நழுவிவிடுகிறது, கைக்குப் பாரமே தெரிவதில்லை. காகிதக் கூம்பின் நிலையும் அதுவே. தள்ளுவதற்குப் பாரம் இல்லாவிட்டால் எப்படி வேலை செய்வது?

இந்த இடரை முதலில் வென்றது குழாய். கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் பந்தக்காலில் கட்டுகிறார்களே, அதே குழாய்தான். சிறு தகடு ஒன்று குறுகிய தொண்டையில் உள்ள காற்றைத் தள்ளுகிறது. அங்கே காற்று பக்கவாட்டில் நழுவ இடமில்லை. ஆகவே தகட்டுக்கு நல்ல பாரம் கிடைக்கிறது. பிறகு குழாய் சிறிது சிறிதாக விரிந்து, அந்த அசைவை வெளிக்காற்றிடம் ஒப்படைக்கிறது. நாகசுரத்தின் அணசு செய்யும் உதவியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளை ஒரு குழாயோடு இணைத்து, 1915-இல் மக்கள் முன் இயக்கிக் காட்டினர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மேக்னவாக்ஸ், இலத்தீனில் ‘பெருங்குரல்’. 1919-இல் சான்டியாகோ நகரத்தில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இதன் வழியாகச் சுமார் 50,000 பேரிடம் உரையாற்றினார். அன்றைய வால்வுகளால் அதிகத் திறனைத் தர இயலாது. ஆகவே கிடைத்த ஒவ்வொரு மில்லிவாட்டும் அந்தப் பொறியாளர்களுக்கு அரிசி மணி போன்றது.

1920-களின் பிற்பகுதியில் திரைப்படம் பேசத் தொடங்கியது. அந்த அரங்குகளுக்காக பெல் ஆய்வகத்தின் வெண்டியும் துராசும் வடித்த ஒலிபெருக்கி, தனக்கு வந்த மின்திறனில் 25 சதவீதத்துக்கு மேல் ஒலியாக மாற்றியது. இன்று நம் வீடுகளில் இருப்பவற்றைவிட இருபத்தைந்து மடங்கு! 1930-களில் சிறிய திரையரங்குகளுக்கென்று வந்த பெருக்கி ஒன்றின் திறன் ஏறக்குறைய 8 வாட் மட்டுமே. ஓர் அரங்கு முழுவதற்கும் அது போதியதாக இருந்தது.

இத்தனை நல்ல குழாயை வீட்டிலிருந்து ஏன் விரட்டினார்கள்? தாழ்ந்த சுரங்களால்தான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதைக் கையாளும் குழாயின் வாய் பிரம்மாண்டமாக இருக்கவேண்டும். நடுக்கூடத்தில் அதை வைத்தால் மனிதர்கள் திண்ணையில்தான் உட்கார வேண்டும். 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைசும் கெல்லாக்கும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை குழாயை உதறியது. கம்பிச்சுருள், காகிதக் கூம்பு, பலகை - அவ்வளவுதான். திறன் வீணானது, ஆனால் சுரங்கள் சீராக ஒலித்தன. இன்று உங்கள் கையில் இருப்பதும் அடிப்படையில் அந்த அமைப்பே. அதையொட்டி விற்பனைக்கு வந்த ரேடியோலா 104 ஒலிபெருக்கியின் உள்ளேயே ஒரு பெருக்கி இருந்தது. அதன் திறன் 1 வாட்!

குழாய்க் கட்சி அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் 1940-களில் குழாயை மடித்துப் பெட்டிக்குள் அடக்கி, அறையின் மூலையில் வைத்து, இரு சுவர்களையும் அதன் நீட்சியாக்கினார். என் கணிப்பில் இத்துறையின் மிக அழகான யோசனைகளுள் இது ஒன்று. ஆனால் பெட்டி ஓர் அலமாரி அளவு.

1954-இல் எட்கர் வில்சூர் எதிர்த்திசையில் சென்றார். சிறு பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்குச் சுருள்வில்லாக்கினார். புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த சுரங்கள் வந்தன; உலகம் வியந்தது. விலை? பயனுறுதிறன் 1 சதவீதத்தை எட்டவில்லை. பல பத்து வாட் பெருக்கிகள் தேவைப்பட்டன.

இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சட்டமாகச் சொன்னவர் ஆண்டன் ஹாஃப்மன். புகழ்பெற்ற பியானோ மேதை யோசப் ஹாஃப்மனின் மகன். சிறிய பெட்டி, ஆழ்ந்த சுரம், உயர்ந்த பயனுறுதிறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். பின்னர் ஆஸ்திரேலியாவில் தீலும் ஸ்மாலும் இதற்குக் கணித உருவம் தந்தனர். பயனுறுதிறன் பெட்டியின் கன அளவுக்கும், எட்டக்கூடிய தாழ்ந்த அதிர்வெண்ணின் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். அதே பெட்டியில் 80 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் பயனுறுதிறன் எட்டில் ஒன்றாகிவிடும். இன்று உள்ளங்கையளவு புளூடூத் பெட்டி ‘தம் தம்’ என்று அதிர்வதும் இந்த வழியில்தான். வாட் மலிந்துவிட்டதால் அதை அள்ளி இறைக்கிறார்கள்.

உங்கள் பெருக்கி 5 வாட் என்று கொள்வோம். கடையில் ஒலிபெருக்கியின் முதுகில் ‘50 வாட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது தாங்கும் சக்தி. சத்தத்தின் அளவு அல்ல. ‘1 வாட், 1 மீட்டர்’ என்ற தலைப்பில் டெசிபல் கணக்கு தந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 92 டெசிபல் என்றால் 1 சதவீதம். 84-க்குப் பதில் 93 டெசிபல் உள்ளதை வாங்கினால் 9 டெசிபல் லாபம், அதாவது எட்டு மடங்கு. உங்கள் 5 வாட் பெருக்கி ஒரு காசு கூடுதல் செலவில்லாமல் 40 வாட் பெருக்கியின் வேலையைச் செய்யும். ஆழ்ந்த சுரம் சிறிது குறையும். குரலுக்கும் வீணைக்கும் அது பெரிய இழப்பில்லை.

பணம் குறைவா? பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கி கிடைக்கிறதா என்று பாருங்கள். அந்த ரேடியோக்களின் வெளியீடு நான்கைந்து வாட்டைத் தாண்டாது. ஆகவே கூம்பு லேசானதாக இருக்கும், சிறு திறனுக்கும் நன்றாகப் பேசும். காகிதம் கிழியாமல் இருக்கிறதா, சுருள் உரசாமல் அசைகிறதா என்று விரலால் மெல்ல அழுத்திச் சோதியுங்கள். அதன் ஓம் அளவு உங்கள் ஐ.சி. ஏற்கும் அளவைவிடக் குறைந்தால் ஐ.சி. சுட்டுவிடும். வாங்கியதை மேசைமேல் வெறுமனே வைத்து ஒலிக்க விடாதீர்கள். முன்புற ஒலியும் பின்புற ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெரிய பலகை ஒன்றில் வட்டமாகத் துளையிட்டுப் பொருத்துங்கள். ரைசும் கெல்லாக்கும் செய்தது போல.