கோப்பியை அழித்தது எது?

"இலங்கையிற் கோப்பிச் செய்கை நோயினால் அழிந்தது, அதன் பின்னர்த் தேயிலை வந்தது." வரலாற்றுப் பாடத்திலே மாணவர்க்கு நாம் வழக்கமாகக் கூறிச் செல்லும் வாக்கியம் இது. அண்மையில் என் வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து, "அந்த நோய் அதற்கு முன்னர் ஏன் வரவில்லை, சேர்?" என்று கேட்டான். வினா எளியதுதான். ஆயின், அதற்கு நேர்மையாக விடைகூற முற்படுவோன் ஒரு பயிர்நோயின் கதையோடு நின்றுவிட முடியாது. காணியுரிமை, காடழிப்பு, கூலியுழைப்பு, உலகச் சந்தை, மண்வளம் என்பன யாவும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதை அவன் காண நேரும். அப்பிணைப்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றியபோது, மலைநாட்டு வேளாண்மை நிலத்தின் அமைப்பைத் தழுவியதாகவே இருந்தது. பள்ளத்தாக்கிலே வயல், அதனையடுத்த மேட்டிலே வீடும் வீட்டுத் தோட்டமும், அதற்கு மேலுள்ள சரிவுகளில் ஆங்காங்கே சேனை, மலைமுடிகளிலே காடு. சேனை செய்த நிலத்தைப் பின்னர்ப் பல ஆண்டுகள் தரிசாக விட்டுவைப்பது வழக்கம். கோப்பியும் அங்கு புதிய பயிரன்று. பலா, கமுகு, மிளகு ஆகியவற்றின் நடுவே, நிழலில், வீட்டுக்குச் சில செடிகளாக அது வளர்ந்துவந்தது. இதனைக் கொண்டு பழைய சமுதாயத்தைப் பொற்காலமாகக் காட்ட முற்படுவது தவறு. இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின்கீழ் மக்கள் வருந்திய காலம் அது. மலைமுடிக் காடு எஞ்சியிருந்தமைக்கு மக்கட்டொகை குறைந்திருந்ததும், காடே இராச்சியத்துக்கு அரணாக இருந்ததும் காரணங்களாகும். எனினும் ஓர் உண்மையை மறுக்கவியலாது. பெரும்பாலும் நுகர்வுக்காகவே உற்பத்தி நடைபெற்றவரை, நிலத்திலிருந்து எடுப்பதற்கு ஓர் எல்லை இருந்தது.

அவ்வெல்லையைத் தகர்த்தது சந்தை. 1820களில் கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பாரும், கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸும் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதையடுத்து அங்கு கோப்பி உற்பத்தி வீழ்ச்சியுற்றது. 1835இல், இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்குமிடையே பிரித்தானிய இறக்குமதித் தீர்வையில் நிலவிய வேற்றுமையும் நீக்கப்பட்டது. மூலதனம் மலைநாட்டை நோக்கிப் பாய்ந்தது. அதற்குக் காணி வேண்டியிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. காடுகளும், தரிசு நிலங்களும், குடியிருப்போ பயிரோ இல்லாத ஏனைய நிலங்களும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவென்று கொள்ளப்பட்டன. தலைமுறை தலைமுறையாக மாறி மாறிச் செய்துவந்த சேனைக்குக் குடியானவன் எந்த உறுதியைக் காட்டுவான்? ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் காணி விற்கப்பட்டது. 1844இல் அவ்விலை இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தர் பலரும் இருந்தனர். சட்டத்தை நடத்தியோரும் காணியை வாங்கியோரும் ஒரே கூட்டத்தினராய் இருந்த காலம் அது.

காடு வெட்டிய முறையைத் துரைமாரே வியந்து எழுதி வைத்துள்ளனர். சரிவின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்தியவாறே மேலே செல்வர். ஈற்றில் உச்சியிலுள்ள பெருமரங்களை முற்றாக வெட்டிச் சாய்ப்பர். அவை தமக்குக் கீழுள்ளவற்றின்மேல் விழ, அவை அடுத்தவற்றின்மேல் விழ, மலைச்சரிவு முழுவதும் பெருமுழக்கத்தோடு சரிந்து வீழும். பின்னர் வெயிலிற் காயவிட்டுத் தீ மூட்டுவர். நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த இலைமட்கும் மரங்களோடு சேர்ந்து எரியும். காட்டுக்குரிய உயிர்களுக்கும் அதே கதிதான். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸ் ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரென்பர். ஒருகாலத்தில் யானைக் கூட்டங்கள் உலாவிய ஊவாவின் மலைகளிற் பெரும்பாலானவை இன்று அவற்றை அறியா.

இவ்வாறு வெறுமையாக்கப்பட்ட மலையிலே உழைப்பதற்குத் தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் திரட்டப்பட்டனர். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு அவர்கள் கால்நடையாகச் சென்றனர். கொலராவும் அம்மையும் பசியும் அவ்வழி நெடுகிலும் உயிர்களைக் கொண்டன. பட்டுப்போன செடிக்குப் பதில் வேறு செடி. இறந்துபோன ஆளுக்குப் பதில் வேறு ஆள். தோட்டத்தின் கணக்கேட்டில் இரண்டும் ஒரே கணக்குத்தான்.

மண்ணுக்கும் இதே கணக்கே பொருந்திற்று. கோப்பிச் செடிகளுக்கிடையே ஒரு புல்லும் முளைத்திருத்தலாகாது என்பது அக்காலத் தோட்ட நெறி. புல் அகற்றப்பட்ட சரிவின்மீது பருவமழை நேராக அடித்தபோது, மேல்மண் கரைந்து ஓடைகளிற் கலந்தது. விளைச்சல் குன்றியவிடத்து, மண்ணுக்கு உரமூட்டிப் பேணுவதிலும் பார்க்க, மேலேயுள்ள காட்டைத் திறப்பது இலாபமாகத் தோன்றிற்று. கைவிடப்பட்ட சரிவுகளில் மானாப்புல் வளர்ந்தது.

நோய் வந்தது இந்த நிலத்துக்குத்தான். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்திலே செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவெய்ற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பார்க்லி என்னும் அறிஞர் அதனை ஒரு புதிய பங்கசு எனக் கண்டு 'ஹெமிலியா வஸ்டாட்றிக்ஸ்' எனப் பெயரிட்டார். 1870இல் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி ஏறத்தாழ பத்து இலட்சம் அந்தராக இருந்தது. அதன் பின் ஏக்கருக்குரிய விளைச்சல் வீழ்ந்துகொண்டே சென்றது. ஆயினும் துரைமார் அஞ்சினாரல்லர். உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியிருந்தது. ஆகவே நோய் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர்கள் மேலும் காடழித்து மேலும் கோப்பி நட்டனர். 1870களின் இறுதியில் கோப்பி நிலம் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கராயிற்று. நோய்க்கு உணவு குறைந்திருக்க வேண்டிய வேளையில் அதன் உணவைப் பெருக்கிக் கொடுத்தது இலாப வேட்கையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்டு என்னும் இளம் விஞ்ஞானி, இப்பங்கசின் நுண்வித்துகள் காற்றிலே பரவும் முறையை ஆராய்ந்தார். இடையில் மரமோ காடோ இன்றி ஒரே பயிர் மைல்கணக்கிற் பரந்து கிடந்தமையால் நோய் தடையின்றிப் பரவியது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கி முறிந்தது. நூற்றாண்டு முடியுமுன்னரே கோப்பி ஏற்றுமதி பெயரளவிற்குச் சுருங்கிவிட்டது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். நிழலில் வளர்ந்த கிராமத்துக் கோப்பியும் அழிந்ததன்றோ? உண்மையே. இலட்சக்கணக்கான ஏக்கரிலே பெருகிய நோய் குடியானவனின் வேலியருகே வந்து நின்றுவிடாது. ஆயினும் வேற்றுமை உண்டு. கோப்பி மடிந்த பின்னரும் வீட்டுத் தோட்டத்தின் பலாவும் கமுகும் நின்றன, மண் நின்றது. ஆனால் காசு வரும் வழி அடைபட்டது. நெல்வரி கட்ட இயலாது வலப்பனைப் பகுதிக் குடியானவர் பலர் 1880களில் தம் வயல்களை இழந்தனர். பெருந்தோட்டம் விளைத்த கேட்டின் சுமை தோட்டத்துக்கு வெளியேயிருந்த ஏழையின் தலையிலும் இறங்கிற்று. இயற்கைக்கு இழைக்கப்படும் தீங்கு எல்லாரையும் சமமாகத் தாக்குவதில்லை.

கோப்பியின் இடத்துக்குத் தேயிலை வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, பின்னர் மலைநாடெங்கும் பரந்தது. பயிர் மாறியது, முறை மாறவில்லை. கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் 1873இல் விடுத்த எச்சரிக்கையின் விளைவாக, 5000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாத மலைக் காடும் இன்று எஞ்சியிருப்பதில் அத்தடைக்குப் பங்குண்டு. ஆயின் அதற்குக் கீழே காடு போயிற்று. மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவொன்றின் அறிக்கை 1931இலும், மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலும் வந்தன. இடையே 1946இல், தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் கொப்புள நோய் இங்கு வந்து சேர்ந்து, ஒற்றைப் பயிரின் ஆபத்தை இரண்டாம் முறை நினைவூட்டியது. அப்போது செப்பு மருந்து கைகொடுத்தது. பாடம் மட்டும் கற்கப்படவில்லை. கரைந்த மண் எங்கும் மறைந்துவிடவுமில்லை. மகாவலியை மறித்துப் பொல்கொல்லையில் 1976இல் அமைக்கப்பட்ட தேக்கம், மேலிருந்து வந்த வண்டல் படிந்து தன் கொள்ளளவிற் பெரும்பகுதியை இழந்தது. மலையுச்சியில் தொடங்கிய தவறு வறண்ட வலயத்து உழவனின் வாய்க்கால்வரை வருகிறது.

அதனிலும் கொடிய விலையைக் கொடுப்பவர் சரிவின் அடியிலே லயங்களில் வாழ்வோர். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே கூறப்பட்டிருந்தது. ஆனால் மாற்றுக் காணி இல்லாதவன் எங்கே செல்வான்? 2025 நவம்பரில் தித்வா புயலின்போதும் மலைநாட்டு மண்சரிவுகளிற் பலர் மாண்டனர். பெருமழை இயற்கையின் செயல்தான். ஆனால் எந்தச் சரிவின் அடியில் எவர் குடியமர்த்தப்பட்டனர் என்பது இயற்கையின் செயலன்று.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? ஒரே இரவிற் கட்டளையிட்டு நிலத்தைத் திருத்திவிட முடியாது என்பதை 2021ஆம் ஆண்டு காட்டிற்று. இரசாயன உர இறக்குமதி அவ்வாண்டு திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நெல்லும் தேயிலையும் வீழ்ந்தபின், நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. உழவனைக் கேளாது அவன் நிலத்துக்கு இடப்படும் கட்டளை, நல்ல பெயரோடு வந்தாலும், 1840இன் கட்டளையை ஒத்ததே. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுதல், நிழல்மரம் வளர்த்தல், மலிந்துபோன தேயிலை நிலத்தைக் காட்டுக்கோ கலப்புப் பயிருக்கோ திருப்புதல் என்பன புதியனவல்ல. தோட்டத் தொழிலாளர் கைகள் அறிந்தவையே. ஆனால் தனக்குச் சொந்தமில்லாத மண்ணின் நாளையைப் பற்றிக் கவலைகொள்ளும்படி ஒருவனிடம் எவ்வுரிமையோடு கேட்பது? தலைமுறைகள் பல உழைத்த பின்னரும், அவர்களிற் பெரும்பாலானோர்க்குத் தாம் படுத்துறங்கும் இடத்துக்கே காணி உறுதி இல்லை. மண்ணுரிமையும் மண்வளமும் இரு வேறு வினாக்களல்ல.

நம் பழைய இலக்கண நூலோர் நிலத்தை முதற்பொருள் என்றனர். மரமும் விலங்கும் நீரும் தொழிலும் அதனைச் சார்ந்த கருப்பொருள் என்றனர். நிலத்தையும் அதில் வாழ்வனவற்றையும் தனித்தனியே பிரித்துக் காணாத நோக்கு அது. மலையைப் பார்த்து ஏக்கரையும் அந்தரையும் மட்டும் எண்ணிய கண்ணுக்கு அந்நோக்கு வாய்க்கவில்லை.

அந்த மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: பங்கசு எங்கேனும் ஒரு மூலையில் முன்னரும் இருந்திருக்கலாம், தம்பி, அதற்கு ஒரு நாட்டையே விருந்தாக விரித்து வைத்தவர்கள் பின்னர்தான் வந்தார்கள்.