தன் கட்சித் தலைவருக்கு "முடியாது" சொன்னவர்கள்

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க யாப்பு தண்ணீர் பட்ட பாடு. வலுவேறாக்கம், தடைகளும் சமன்பாடுகளும், குற்றப் பிரேரணை எல்லாம் மனப்பாடமாக எழுதுவார்கள். ஆனால் இன்றைய செய்திகளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்கள்: "சேர், இவ்வளவு தடைகள் இருந்தும் ட்ரம்ப்பை ஏன் தடுக்க முடியவில்லை?"

யாப்பை மட்டும் வாசித்தால் இதற்குப் பதில் கிடைக்காது. கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

1972 ஜூன் 17. வொஷிங்டனில் வோட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சித் தலைமையகத்துக்குள் இரவில் புகுந்த ஐந்து பேரைப் பொலிஸார் பிடித்தார்கள். விசாரணை போகப் போக, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சனின் தேர்தல் குழுவோடு அவர்களுக்கிருந்த தொடர்பு வெளிவந்தது. ஆனாலும் அந்த நவம்பரில் 50 மாநிலங்களில் 49ஐ வென்று நிக்சன் மீண்டும் ஜனாதிபதியானார்.

அவ்வளவு பலமாக இருந்தவர் இரண்டு வருடம் முடிவதற்குள் பதவியை விட்டுப் போனார். எதிர்க்கட்சியால் மட்டும் அது நடந்திருக்காது. அவருடைய சொந்த ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

1973 ஒக்டோபர் 20. வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களைக் கேட்ட விசேட வழக்குத்தொடுநர் ஆர்ச்சிபோல்ட் கொக்ஸை நீக்கும்படி நிக்சன் உத்தரவிட்டார். சட்டமா அதிபர் எலியட் ரிச்சர்ட்சன் நிக்சன் நியமித்தவர், அதே கட்சிக்காரர். முடியாது என்று சொல்லி இராஜினாமா செய்தார். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்துவிட்டுப் போனார். மூன்றாமவரான ரொபர்ட் போர்க்தான் உத்தரவை நிறைவேற்றினார்.

1974 ஜூலை 24. ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 8-0 என ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த எட்டுப் பேரில் பிரதம நீதியரசர் உட்பட மூவர் நிக்சன் நியமித்தவர்கள். மூன்று நாள் கழித்து, பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவில் முதலாவது குற்றச்சாட்டு 27-11 என நிறைவேறியது. ஆதரித்தவர்களில் ஆறு பேர் குடியரசுக் கட்சியினர்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எதிர்த்த 11 பேரும் அதே கட்சிதான். பலர் கடைசி வரை நிக்சனுக்காக வாதாடினார்கள். ஆனால் ஓகஸ்ட் 5இல் ஒலிநாடா வெளியாகி, விசாரணையை மறைக்க அவரே முயன்றது தெரிய வந்ததும் அவர்களும் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். ஓகஸ்ட் 7இல் பெரி கோல்ட்வோட்டர் உட்பட அக்கட்சியின் மூன்று மூத்த தலைவர்கள் நிக்சனை நேரில் சந்தித்தார்கள். செனட்டில் உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு வாக்குகள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஓகஸ்ட் 9இல் நிக்சன் பதவி விலகினார்.

இப்போது 2021க்கு வாருங்கள். ஜனவரி 6இல் தேர்தல் முடிவை ஏற்காத ட்ரம்ப்பின் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். ஒரு வாரத்தில் குற்றப் பிரேரணை வந்தது. குடியரசுக் கட்சியின் 10 பேர் பிரதிநிதிகள் சபையில் ஆதரித்தார்கள். செனட்டில் குற்றவாளி என்றவர்கள் 57, இல்லை என்றவர்கள் 43. மூன்றில் இரண்டுக்கு 67 வேண்டும். அக்கட்சியிலிருந்து வந்தவை ஏழு வாக்குகள்தான். செனட்டில் அக்கட்சித் தலைவர் மிச் மெக்கொனல் குற்றவாளி இல்லை என்று வாக்களித்துவிட்டு, நடந்ததற்கு ட்ரம்ப்தான் பொறுப்பு என்று அதே நாளில் பேசினார். பதவியை விட்டுப் போனவரை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம்.

நீதிமன்றம் என்ன செய்தது? 2024 ஜூலை 1இல், ஜனாதிபதியாகச் செய்த உத்தியோகபூர்வக் காரியங்களுக்குக் குற்றவியல் வழக்கிலிருந்து பரந்த விடுபாட்டுரிமை உண்டு என்று உயர் நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. அந்த ஆறு பேரில் மூவர் ட்ரம்ப் நியமித்தவர்கள். அவர் தேர்தலில் வென்று, 2025 ஜனவரி 20இல் பதவியேற்ற அன்றே, ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

யாப்பில் குற்றப் பிரேரணை விதி ஒரு சொல்கூட மாறவில்லை. மாறியது, "முடியாது" சொல்பவர் கொடுக்க வேண்டிய விலை. அமெரிக்காவில் வேட்பாளரைக் கட்சித் தலைமை தெரிவு செய்வதில்லை. கட்சி ஆதரவாளர்கள் முதனிலைத் தேர்தலில் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். பல தொகுதிகளில் ஒரே கட்சிதான் எப்போதும் வெல்லும். அங்கே எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சி வாக்காளருக்கே உறுப்பினர் பயப்படுகிறார். ஆதரித்த அந்தப் பத்துப் பேரில் நால்வர் மீண்டும் போட்டியிடவில்லை. லிஸ் செய்னி உட்பட நால்வர் முதனிலைத் தேர்தலில் தோற்றார்கள். தப்பியவர்கள் இருவர் மட்டுமே. மிச்சமிருந்தவர்கள் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டார்கள்.

நமது 1978 யாப்பின் 38ஆம் உறுப்புரையிலும் ஜனாதிபதியை நீக்க மூன்றில் இரண்டு வேண்டும். 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான பிரேரணையில் அவர் கட்சிக்காரர்களே கையொப்பமிட்டார்கள். செல்லுபடியான கையொப்பங்கள் போதாது என்று சபாநாயகர் எம்.எச். முஹம்மத் அதை நிராகரித்தார். முன்னின்ற லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

ஆகவே பிள்ளைகளின் கேள்விக்கு என் பதில் இதுதான். யாப்பு வழியைக் காட்டும், அதில் நடக்க ஆட்கள் வேண்டும். தன் தலைவரின் பிழையைச் சொல்லும் ஒருவரை வாக்காளர்கள் தண்டித்தால், அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். நம் ஊரிலும் "நம்ம ஆள்" பிழை செய்யும்போது அவருடைய பக்கத்திலிருந்தே ஒருவர் எழுந்து பேசினால், அவரைத் துரோகி என்கிறோமா, அடுத்த முறையும் வாக்களிக்கிறோமா? யோசித்துப் பாருங்கள்.