யார் காத்திருப்பது? துளை அட்டை முதல் தரவுச் செயலி வரை

1963 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்து சேர்ந்தது. 1966இல் அதைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்த ஐ.பி.எம். 7044 அங்கு நிறுவப்பட்டது. அதனுடன் 1401 என்னும் சிறிய கணிப்பொறியும் இடம்பெற்றது. இந்தியாவில் கணினிக் கல்வியின் தோற்றத்தை எழுதுவோர் 7044ஐப் பற்றிப் பேசும் அளவுக்கு 1401ஐப் பற்றிப் பேசுவதில்லை. இன்றைய தரவுச் செயலிகளின் பெருஞ்சிக்கல் ஒன்றைப் புரிந்துகொள்ள உதவுவதோ அந்தச் சிறிய இயந்திரம்தான்.

1401உடன் இணையும் அட்டை படிப்பான் நிமிடத்திற்கு 800 துளை அட்டைகளைப் படிக்கும். அதாவது ஓர் அட்டைக்கு 75 மில்லி நொடி. மனிதக் கண்ணுக்கு இது மின்னல் வேகம். ஆனால் 7044இன் நினைவகச் சுழற்சி நேரம் வெறும் 2 மைக்ரோ நொடி. ஓர் அட்டை படிக்கப்படும் இடைவெளியில் பெரிய கணிப்பொறி 37,500 முறை தன் நினைவகத்தைத் தொட்டுத் திரும்பியிருக்கும். அத்தகைய இயந்திரத்தை அட்டையின் முன் நிறுத்திவைப்பது, தேர்ந்த அறுவை மருத்துவரைப் பதிவுச் சீட்டு எழுத உட்காரவைப்பதற்கு ஒப்பாகும். எனவே அக்காலக் கணினி மையங்களில் ஒரு வேலைப் பிரிவினை உருவாயிற்று. சிறிய கணிப்பொறி அட்டைகளைப் படித்துக் காந்த நாடாவில் ஏற்றும். பெரியது நாடாவை மட்டும் படித்துக் கணக்கிட்டு, விடையை வேறொரு நாடாவில் எழுதும். அச்சடிக்கும் மந்தமான வேலை மீண்டும் சிறியதன் பொறுப்பு. மெதுவான வேலைக்காக வேகமானது காத்திருக்கக் கூடாது என்பதே இதன் நியதி. அசின்க்ரனஸ் என இன்று வழங்கும் ஒத்தியங்கா முறைக்கு மூலக்கரு இதுவே.

இயந்திரம் காத்திருக்கவில்லை என்றால் வேறு யாரோ காத்திருந்தாக வேண்டும். தொகுதிச் செயலாக்கக் காலத்தில் அந்தப் பொறுப்பு மாணவர் தலையில் விழுந்தது. நிரலை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, மையத்தின் சாளரத்தில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அச்சுத்தாள் கிடைக்கும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அந்த நாள் வீண். மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 1964இல் நிறுவப்பட்ட சி.டி.சி. 3600, அந்நிறுவனத்தார்க்கு மட்டுமன்றி நாட்டின் பிற ஆய்வாளர்களுக்கும் பயன்பட்டது. வெளியூர் ஆய்வாளர் ஒருவருக்குக் காத்திருப்பு என்பதில் பயண நாட்களும் அடக்கம். இயந்திர நேரம் பொன், மனித நேரம் மண் என்ற கணக்கு அன்று யாருக்கும் விந்தையாகத் தோன்றவில்லை.

ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு நயம் இருந்ததை மறுப்பதற்கில்லை. அட்டைக் கட்டைக் கொடுத்தவர் விடுதலை பெற்றவர். நூலகம் போகலாம், வகுப்புக்குப் போகலாம். அடுத்த நிரலை எழுதத் தொடங்கலாம். வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. தமக்கு முன்னால் எத்தனை கட்டுகள் அடுக்கப்பட்டுள்ளன என்பதைச் சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தே அறிய முடிந்தது.

இந்த விடுதலையைப் பறித்துக்கொண்டது, முரணாக, ஒரு முன்னேற்றம். ஒரே கணிப்பொறியின் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்குப் பகிர்ந்தளிக்கலாம் என 1959இல் ஜான் மெக்கார்த்தி எம்.ஐ.டி.யில் ஒரு குறிப்பு எழுதினார். 1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு அதைச் செயலில் காட்டியது. இந்தியாவில் 1970களில் டாட்டா நிறுவனத்திற்கு வந்த டெக் சிஸ்டம்-10 இந்த நேரப்பகிர்வு முறையில் இயங்கிற்று. மனிதர் முனையத்தின் முன் அமர்ந்தார், தட்டச்சு செய்தார், விடை உடனே வந்தது. வராத போதுதான் சிக்கல். சாளரத்தில் கட்டைக் கொடுத்தவர் ஒரு நாள் பொறுத்தார்; திரையின் முன் அமர்ந்தவரால் பத்து நொடி பொறுக்க இயலவில்லை. இது வெறும் பொறுமையின்மை அன்று என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் மில்லர் 1968இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். உரையாடல் போன்ற பணியில் விடை ஏறத்தாழ இரண்டு நொடிக்கு மேல் தாமதித்தால், மனத்தில் தாங்கி நிற்கும் சிந்தனைத் தொடர் அறுபடத் தொடங்கும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பழைய முறை முற்றிலும் மறையவும் இல்லை. யூனிக்ஸ் கட்டளையின் இறுதியில் ஓர் '&' குறியை இட்டால் அவ்வேலை பின்னணிக்குச் சென்றுவிடும். மீத்திறன் கணினி மையங்களில் வழங்கும் ஸ்லர்ம் மென்பொருளில் வேலையை ஒப்படைக்கும் கட்டளையின் பெயர் 'எஸ்பேட்ச்'. துளை அட்டையைக் கண்டிராத தலைமுறையின் நாவில் 'பேட்ச்' என்னும் அட்டைக் காலச் சொல் இன்றும் புழங்குகிறது. 2019இல் வாரணாசியில் தொடங்கப்பட்ட பரம் சிவாய் போன்ற மீத்திறன் கணினிகளில் கணக்கிடும் ஆய்வு மாணவர் எவரும், வேலையைக் கொடுத்து ஓர் எண்ணைப் பெற்றுக்கொண்டு அறைக்குத் திரும்புவதை இழிவாகக் கருதுவதில்லை. அவர் எதிர்பார்ப்பது உரையாடலை அன்று.

இணையம் இவ்விரு மரபுகளையும் ஒரே இடத்தில் மோதவிட்டது. அதன் நெறிமுறை அடிப்படையில் கேள்வியும் பதிலுமே. ஆயினும் 1996இல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்திலேயே 202 என்றொரு நிலைக்குறியீடு உண்டு. 'ஏற்றுக்கொண்டோம், இன்னும் முடிக்கவில்லை' என்பது அதன் பொருள். ஏறக்குறைய கணினி மையச் சாளரத்தின் ரசீது. 404ஐ அறிந்தோர் கோடிப்பேர். 202ஐ அறிந்தோர் சிலரே. 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரட் 'ஏஜாக்ஸ்' என்ற பெயரைச் சூட்டியபோது, அப்பெயரின் முதலெழுத்தாகவே ஒத்தியங்காமை அமர்ந்தது. பக்கம் முழுவதும் புதுப்பிக்கப்படாமலே தரவு வந்து சேரும் வித்தை பொதுவழக்காயிற்று.

இன்னும் வராத விடையை நிரலுக்குள் எவ்வாறு குறிப்பது என்ற கேள்விக்கோ அதற்கு வெகுகாலம் முன்பே பதில் எழுதப்பட்டிருந்தது. 1976இல் டேனியல் ஃபிரீட்மனும் டேவிட் வைஸும் 'பிராமிஸ்', அதாவது வாக்குறுதி, என்ற சொல்லை முன்வைத்தனர். அடுத்த ஆண்டே ஹென்றி பேக்கரும் கார்ல் ஹூவிட்டும் 'ஃபியூச்சர்' என்றனர். 1988இல் பார்பரா லிஸ்கவும் லியூபா ஷ்ரிராவும் பகிர்வுக் கணிமைக்கு ஏற்ப வாக்குறுதியை வடிவமைத்தனர். ஜாவாஸ்கிரிப்டின் செந்தரத்தில் அது இடம்பெற்றது 2015இல். ஒரு கருத்து ஆய்விதழிலிருந்து அன்றாட நிரலாளரின் மேசைக்கு வர ஏறத்தாழ நாற்பதாண்டு பிடித்திருக்கிறது. அடிப்படை ஆய்வின் பயனை மூன்றாண்டுத் திட்ட அறிக்கையில் காட்டச் சொல்வோர் இக்காலக் கணக்கைச் சற்று நோக்கலாம்.

புள்ளியியலாளரின் உலகம் இவற்றிலிருந்து ஒதுங்கியே இருந்தது. ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய ஆர் மொழி, ஓர் ஆய்வாளர் தம் மேசையில் ஒரு கணக்கைச் செய்வதை மனத்திற்கொண்டு வளர்ந்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலை. அது முடிந்த பின்பே அடுத்தது. 2012இல் ஜோ செங் ஆர்ஸ்டூடியோவில் உருவாக்கிய ஷைனி, இணைய நிரலாக்கம் அறியாத ஆய்வாளரும் தம் பகுப்பாய்வை உலாவியில் ஊடாடும் செயலியாக மாற்றிக்கொள்ள வழி செய்தது. விரிதாளில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்தவை தாமே மாறுவதுபோல், இங்கு ஒரு தேர்வை மாற்றினால் வரைபடம் தானே மாறும். இந்தியப் பல்கலைக்கழகத் துறைகளில் புள்ளியியல் கற்பிப்போர்க்கு இது எத்துணைப் பெரிய வரம் என்பதை மிகைப்படுத்த முடியாது.

வரத்தினுள் ஒரு சிக்கலும் மறைந்திருந்தது. மாவட்டவாரியான கணக்கெடுப்புத் தரவைக் காட்டும் ஒரு செயலியைக் கருதுக. ஒருவர் ஒரு மாவட்டத்தைத் தேர்ந்து, மறுமாதிரி முறையில் நம்பக இடைவெளி கேட்கிறார். கணக்கு முடிய 40 நொடி ஆகும். அதே நேரத்தில் வேறோர் ஊரில் இன்னொருவர் வெறுமனே வரைபடத்தின் நிறத்தை மாற்ற முனைகிறார். இருவரையும் தாங்குவது ஒரே ஆர் செயல்முறை. அது ஒரு நேரத்தில் ஒன்றையே செய்யும். நிறம் மாற்றக் கேட்டவரின் திரை 40 நொடி உறைந்து நிற்கும். செயலி பழுதென்று அவர் கருதுவார்; மீண்டும் மீண்டும் சொடுக்குவார்; ஒவ்வொரு சொடுக்கும் வரிசையில் மேலும் ஒரு வேலையாய்ச் சேரும். கான்பூரின் சாளரத்தில் கண்ணுக்குத் தெரிந்த வரிசை இங்கே எவருக்கும் தெரிவதில்லை. முன்னால் நிற்பவர்க்கும் பின்னால் ஒருவர் நிற்பது தெரியாது.

பல செயல்முறைகளை இயக்குவது ஒரு தீர்வு. ஒவ்வொன்றும் தரவின் படியை நினைவகத்தில் ஏற்றும் என்பதால், துறையின் ஒற்றை வழங்கியை நம்பியிருப்போர்க்கு அது எட்டாக்கனி. 2018இல் ஷைனியில் வாக்குறுதி முறை சேர்க்கப்பட்டது. நீண்ட கணக்கு வேறொரு செயல்முறைக்கு அனுப்பப்படும்; முதன்மைச் செயல்முறை பிறரைக் கவனிக்கும். ஆனால் இதில் ஒரு வரம்பு இருந்தது. கணக்கைக் கேட்டவரின் அமர்வு மட்டும், அது முடியும்வரை நிறுத்தியே வைக்கப்பட்டது. பிறர் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவரோ தம் கணக்குக்காகக் காத்தே ஆக வேண்டும். இது கவனக்குறைவு அன்று, தெரிந்தே எடுத்த முடிவு. பாதி விடைகள் புதியனவாகவும் பாதி பழையனவாகவும் ஒரே திரையில் கலந்து தோன்றுவதைவிட, ஒருவரைக் காக்கவைப்பது மேல் என்று வடிவமைப்பாளர்கள் கருதினர்.

அந்த அச்சத்தை எளிதில் ஒதுக்க முடியாது. கணக்கு ஓடிக்கொண்டிருக்கையில் பயனர் வேறு மாவட்டத்தைத் தேர்கிறார் என்க. தலைப்பு உடனே மாறும். எண் பின்னர் வரும். வரும் எண்ணோ முந்தைய மாவட்டத்தினுடையது. திரை உறைந்தால் பயனர் எரிச்சலுறுவார், அவ்வளவே. சரியான தலைப்பின்கீழ் தவறான எண் நின்றால், அது படமெடுக்கப்பட்டு ஆய்வேட்டுக்குள் போகும். பிழைச்செய்தி ஏதும் வராது. ஒத்தியங்கா முறையைப் பற்றிய விளம்பரப் பேச்சில் வேகமே முதன்மை பெறுகிறது. உண்மையில் அம்முறை எந்தக் கணக்கையும் விரைவுபடுத்துவதில்லை. 40 நொடிக் கணக்கு 40 நொடியே எடுக்கும். தரவை வேறொரு செயல்முறைக்குப் படியெடுத்து அனுப்பும் நேரத்தையும் சேர்த்தால் சற்றே மிகும். மாறுவது, அந்த 40 நொடியை யார் எங்ஙனம் கழிக்கிறார் என்பது மட்டுமே.

பைத்தான் உலகில் டாஷ் 2021இல் தன் 2.0 பதிப்பில் நீண்ட வேலைகளுக்குத் தனி வழி அமைத்தது. வேலை ஒரு வரிசைக்குச் செல்லும். தனித் தொழிலாளிச் செயல்முறை அதை எடுத்து முடிக்கும். எவ்வளவு முடிந்தது என்று காட்டலாம், வேண்டாமெனில் நிறுத்தலாம். ஷைனி 2024இல் 'எக்ஸ்டெண்டட் டாஸ்க்' என்னும் அமைப்பைக் கொணர்ந்தது. இப்போது கணக்கைக் கேட்டவரும் அதே திரையில் வேறு பணிகளைத் தொடரலாம். வேலைக்கு ஒரு நிலை உண்டு: தொடங்காதது, ஓடுவது, முடிந்தது, பிழையுற்றது. ஓடிக்கொண்டிருக்கையில் மீண்டும் ஏவினால் அடுத்த ஏவல் வரிசையில் நிற்கும்.

இதில் பலர் முதலில் சலித்துக்கொள்ளும் விதி ஒன்றுண்டு. நீண்ட வேலையின் உள்ளிருந்து பயனரின் தற்போதைய தேர்வுகளை எட்டிப் பார்க்க அனுமதியில்லை. மாவட்டம், ஆண்டு, மாதிரி அளவு என வேண்டிய அனைத்தையும் ஏவும் கணத்திலேயே கையில் கொடுத்துவிட வேண்டும். பிறகு திரையில் எது மாறினாலும் அவ்வேலை தான் பெற்றதைக் கொண்டே கணக்கிடும். 2018இல் ஓர் அமர்வையே நிறுத்திவைத்ததால் கிடைத்த பாதுகாப்பின் பெரும்பகுதி, இந்த விதியால், எவரையும் நிறுத்தாமல் கிடைக்கிறது. எஞ்சிய பகுதி செயலியை எழுதுவோரின் கையில் உள்ளது: விடையுடன் அது எந்த மாவட்டத்தினது, எந்த ஆண்டினது என்பதையும் சேர்த்தே திருப்பியனுப்பி, தலைப்பை அதிலிருந்து எழுதவேண்டும், திரையின் தற்போதைய தேர்விலிருந்து எழுதலாகாது. பெரும்பாலான மாதிரி நிரல்கள் இந்த ஒரு வரியை விட்டுவிடுகின்றன. துளை அட்டைக் காலத்தில் இதற்குத் தனி விதி தேவைப்படவில்லை. சாளரத்தில் கொடுத்த கட்டை யாரும் நடுவில் திருத்த முடியாது. மாலையில் திரும்பி வரும்போது, அச்சுத்தாளும் அதைப் பெற்றெடுத்த அட்டைகளும் ஒரே ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருக்கும்.